எபனேசர் என்று இங்கே யாருமில்லை

ஜூன் 21, 1976, திங்கள்
நிகழ்தகவு வகுப்பு. நாணயத்தைச் சுண்டி, பூவா தலையா என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் "பூவாத்தலை" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்கு முடி குறைவுதான். அதற்காகப் பூக்காத தலையா? கழுதைகள்.

ஜூன் 30
கல்லூரியில் பாதிப் பேருக்கு நான் எபனேசர் சார். மீதிப் பேருக்கு அந்தப் பட்டப்பெயர்.

ஜூலை 8
சென்னையிலிருந்து வந்த ஆய்விதழில் ஒரு கட்டுரை. பேச்சு ஊரில் எப்படிப் பரவுகிறது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவனும் அவ்வப்போது பக்கத்தில் இருக்கும் யாரோ ஒருவனைப் பார்த்து, அவன் சொல்வதையே தானும் சொல்ல ஆரம்பிக்கிறான். தலைவன் கிடையாது, கூட்டம் போட்டு முடிவெடுப்பதும் கிடையாது. இப்படித் தற்செயலாகப் போயே கடைசியில் ஊர் முழுக்க ஒரே பேச்சாகிவிடுமாம். தோற்ற பேச்சு ஒரு வாயில்கூட மிஞ்சாது. மிஞ்சாததை அப்புறம் யாரிடமிருந்து பிடிப்பது? அப்படியென்றால் என் பெயர்?

ஜூலை 19
டீக்கடைப் பிச்சையா அண்ணாச்சியிடம் ஊரே வந்து போகிறது. அவர் ஒருவர் மாறாமல் நின்றால் என் பெயர் பிழைக்கும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.
"சரி, பூவாத்தலை சார்."

ஜூலை 24
நாசரேத்தில் பெண் பார்த்தோம். இன்பமணி, பள்ளிக்கூட டீச்சர். எனக்குப் பிடித்திருக்கிறது — ரொம்ப. அவள் அப்பா தேவபிரசாதம் இங்கே வந்து என்னைப் பற்றி விசாரிப்பாராம். தாராளமாக விசாரிக்கட்டும்.

ஆகஸ்ட் 5
பனிமய மாதா திருவிழா. துறைமுகத்து ஆட்கள், லாரிக்காரர்கள், கீழவைப்பார் மீன்காரர்கள் என்று ஒரே நெரிசல். கட்டுரைக் கணக்குப்படி, ஆட்கள் கலந்தால் முடிவு சீக்கிரம் வரும். முன்பின் தெரியாத மிட்டாய்க்காரன் என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

ஆகஸ்ட் 7
போச்சு. எல்லாம் போச்சு. திருவிழா அன்றைக்கே தேவபிரசாதம் வந்து போயிருக்கிறார். பூட்டிக்கிடந்த கல்லூரியின் காவலாளி, பிச்சையா, துறைமுக வாசல் — எங்கே கேட்டாலும் எபனேசர்னு ஒரு ஆள் இங்கன கெடையாது என்றார்களாம். வேலை இல்லாத ஏமாற்றுக்காரன் என்று கல்யாணத் தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். அய்யோ, இன்பமணி என்ன நினைப்பாள்?

ஆகஸ்ட் 8
நாசரேத்துக்குப் பஸ் பிடித்தேன். வெட்கத்தை விட்டு உண்மையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. இன்பமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அந்தப் பேரச் சொல்லி ஒரு தடவ கேட்டுப் பாருங்கப்பா" என்றாள். கர்த்தர் அவளை ஆசீர்வதிப்பாராக.

ஆகஸ்ட் 14
தேவபிரசாதம் அப்படியே கேட்டிருக்கிறார். பஸ் ஸ்டாண்டிலிருந்து என் வீட்டு வாசல் வரை ஆள் மாற்றி ஆள் கொண்டுவந்து விட்டார்கள். உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.
"எத்தனையோ மாப்பிள்ளைக்கு விசாரிச்சிருக்கேன். ஆளுக்கொண்ணு சொல்லுவான். ஒங்களுக்கு ஊரே ஒரே வாயா சொல்லுதே."
சம்மதமாம்!

செப்டம்பர் 5, ஞாயிறு
கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்தார்கள். எபனேசருக்கும் நாசரேத் இன்பமணிக்கும் நடக்கவிருக்கும் திருமணத்தில் யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று போதகர் கேட்டார். சபை முணுமுணுத்தது. மணியடிக்கும் பால்துரை எழுந்தார்.
"யாருன்னு தெரிஞ்சாத்தானய்யா சொல்ல முடியும்?"
போதகர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஓலையை மறுபடி பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. கல்யாணம் இதிலேயே நின்றுவிடும் போலிருந்தது.
எழுந்து நின்றேன். "பூவாத்தலை" என்றேன் — நானே.
ஊரில் அதுவரை மாறாமல் மிச்சமிருந்தவன் நான் ஒருவன்தான். ஆட்சேபணை ஒருவருக்கும் இல்லை.