அறுப்பின் பண்டிகைக்கு நீ கொண்டுவந்த விரிப்பு

இன்று காலை விருந்தினர் அறையில் படுக்கைவிரிப்பு மாற்றப் போனேன். மடிப்பைப் பிரித்ததும் ஈரவாடை அடித்தது. இப்போதெல்லாம் வட்டக்கானலிலிருந்து துணிமூட்டை ஜீப்பில் ஏறி, கொடைக்கானல் டவுனுக்குப் போய் மெஷினில் உருண்டுவிட்டு வருகிறது. பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கிறது, முகர்ந்தால் நாறுகிறது. நீ இருந்திருந்தால் அந்த மூட்டையை ஜீப்பிலிருந்தே இறக்க விட்டிருக்கமாட்டாய். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்துவிட்டது.

இதே கெஸ்ட் ஹவுசில் நான் அடுப்படியில், நீ துவைகல்லில். பல வருஷம் அப்படித்தான் போயிற்று. மேகம் இறங்கினால் எனக்கொன்றும் இல்லை, சோறு எப்படியும் வெந்துவிடும். உன் பாடுதான் திண்டாட்டம். கொடியில் போட்டதை அள்ளிக்கொண்டு ஓடுவாய். வெயில் எட்டிப் பார்த்தால் மறுபடி கொண்டுவந்து போடுவாய். வாய் மட்டும் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நான் ஒரு டம்ளர் காப்பி கொடுத்தால்கூட ஆண்டவருக்குத்தான் முதல் நன்றி, எனக்கு அப்புறம்தான்.

"இம்புட்டுக்குமா புள்ள? அவருக்கு வேற சோலி இருக்காதா?" என்று கேலி செய்வேன்.

"கேக்குறதுக்கு மட்டும் வெள்ளனே எந்திரிச்சு அவரத் தேடுறோம்ல. குடுத்ததச் சொல்ல மாட்டமா?" என்பாய். அதற்குமேல் பிரசங்கம் கிடையாது. அடுத்த துணியை எடுத்துக் கல்லில் அடிக்கப் போய்விடுவாய்.

அந்த அறுப்பின் பண்டிகையை மறக்க முடியுமா? விளைந்ததில் முதல் பங்கைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுவரும் நாள். மேல்மலைச் சனங்கள் கேரட்டும் உருளைக்கிழங்கும் பூண்டுமாகக் கொண்டுவந்து குவிப்பார்கள். ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத நாம் இருவரும் கடையில் வாங்கிய வாழைப்பழச் சீப்போடு ஓரமாக நிற்போம். அந்த வருஷம் நீ மறுத்துவிட்டாய். "கடையில வாங்குனது எப்படிப் புள்ள நம்ம வெள்ளாமை ஆகும்? நான் வெளுத்ததுதான் என் வெள்ளாமை" என்றாய். புது விரிப்பு ஒன்றைத் துவைத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, நல்ல வெயிலுக்காகக் காத்திருந்து உலர்த்தினாய். அதை மடித்துக் காணிக்கை மேசையில் வைத்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

கோயிலைப் பெருக்கி மணியடிக்கிறவர் வந்தார். மேசைக்கு விரிக்கத்தான் யாரோ கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணி, ஒரு உதறு உதறி விரித்துவிட்டார். அதன்மேல் ஒட்டிய மண்ணோடு கேரட்டு, கிழங்கு, பூசணிக்காய். ஆராதனை தொடங்குவதற்குள் உன் காணிக்கை கறுத்துப்போயிற்று. நான் சண்டைக்கு எழுந்தேன். நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாய். உன் தோள் குலுங்கியது. அழுகிறாய் என்று நினைத்தேன், நீயோ சிரித்துக்கொண்டிருந்தாய்.

"பாரு புள்ள, ஊரு வெள்ளாமை பூராம் என் வெள்ளாமை மேலதான் கெடக்கு!"

உனக்கு வயிற்றில் கட்டி என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு, வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எல்லாரும் உன் சுகத்துக்காக மன்றாடினோம். நான் உபவாசம் இருந்தேன். நீயும் சுகம் கேட்டாய்தான். "வலிக்குது, பயமா இருக்கு" என்று என்னிடம் சொன்னாய்தான். ஆனாலும் உன் முறை வந்தால் முதலில் நன்றி. கஞ்சி உள்ளே தங்கியதாம், கொஞ்சம் தூங்கினாயாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இதுக்கும் ஸ்தோத்திரமாக்கும்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"வேணுங்கிறது வரலன்னு வந்ததையும் தூக்கி எறிஞ்சா, எங்கிட்ட என்ன புள்ள மிஞ்சும்?" என்றாய்.

நீ போனபின்பும் கூட்டத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். நன்றி சொல்ல என் முறை வந்தால் தலையைக் குனிந்துகொள்வேன், பக்கத்தில் இருப்பவர் தொடர்ந்துவிடுவார். மனசில் இல்லாததை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. உன்னோடு சேர்த்து ஆண்டவரையும் தொலைத்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது.

இன்று சாயங்காலம் கூட்டம் என் வீட்டில். யார் வீட்டில் கூடுகிறோமோ அந்த வீட்டுக்காரிதான் ஜெபத்தைத் தொடங்க வேண்டும். தப்பிக்க வழியில்லை. காலையிலிருந்து நீ வேறு நெஞ்சை விட்டு நகரவில்லை. கண்ணை மூடி வாயைத் திறந்தேன்.

"ஆண்டவரே, நீங்க அவள எடுத்துக்கிட்டது எனக்கு இன்னும் ஒப்பல. ஒப்புச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவள எனக்குக் குடுத்திருந்தீங்கல்ல, அதுக்கு ஸ்தோத்திரம்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. இப்படிப்பட்ட ஜெபத்துக்குச் சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை போலும். நானே சொல்லிக்கொண்டேன். இத்தனை மாதத்தில் முதல்முறையாக மனசு நிறைந்திருந்தது.

உன் அளவுக்கு எனக்கு நன்றி சொல்லத் தெரியாது. இந்த ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. நாளைக்கும் இதையேதான் சொல்வேன்.