அடித்துவிட்ட x

ஜூன் 9, திங்கள்

அக்காவுக்கு வெள்ளிக்கிழமை செவிலியர் பயிற்சிக்கான நுழைவுத் தேர்வு. போன வருடம் கணக்கில்தான் கோட்டை விட்டாள். இந்த முறையும் போனால் சித்தப்பாவின் துணிக்கடையில் உட்கார வேண்டியதுதான் என்று அப்பா சொல்லிவிட்டார். ஆகவே நான் ஆசிரியை!

இன்று, மாறிலி இல்லாத இருபடிச் சமன்பாடுகள்; x இல்லாத தனி எண் எதுவும் கிடையாது. 3x² = 12x. “ரெண்டு பக்கமும் x இருக்கு, ஒண்ணை அடிச்சிடு. 3x = 12. x = 4. அவ்வளவுதான்,” என்றேன். பக்கம் முழுவதையும் அக்கா மடமடவென்று போட்டுவிட்டாள். “அட, இதுக்கா பயந்து செத்தேன்!” அவள் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

ஜூன் 10, செவ்வாய்

வகுப்புத் தேர்வுத் தாள் வந்தது. அதே மாதிரிக் கணக்குக்கு எனக்குப் பாதி மதிப்பெண். “இன்னொரு விடை எங்கம்மா?” என்றார் கணக்கு டீச்சர்.

பூஜ்யம். வைத்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் சரியாகத்தான் வருகிறது. x-ஐ அடிப்பது என்றால் x-ஆல் வகுப்பது. x என்னவென்றே தெரியாதபோது, அது பூஜ்யம் இல்லை என்று நான் எப்படி முடிவு கட்டினேன்?

அக்காவிடம் சொன்னேன். “இப்ப வந்து எல்லாம் தப்புங்கற? பெரிய மேதாவி! பூஜ்யம்னா ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லாததை எப்படிடி விடைன்னு எழுதறது?”

எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜூன் 11, புதன்

அக்கா புத்தகத்தைத் தொடவில்லை.

ஜூன் 12, வியாழன்

அவள் தலையிலிருந்து கிளிப்பை உருவி, மேலே எறிந்து பிடித்தேன். “ஏய், குடுடி!”

“எறிஞ்ச நொடியிலேர்ந்து கடிகாரம் ஓடுதுன்னு வெச்சுக்கோ. இது எப்பெப்ப என் கையில இருந்துச்சு, சொல்லு. தர்றேன்.”

“நீ பிடிச்சப்ப.” சற்று நேரம் கிளிப்பையே பார்த்தாள். “...எறியறப்பவும்தான். கடிகாரம் ஓட ஆரம்பிக்கிற நேரம். பூஜ்யம். அதுவும் ஒரு விடைதான்.” பிறகு, மெதுவாக, “அப்ப அடிக்காம என்ன பண்ணணும்?”

“எல்லாத்தையும் ஒரே பக்கம் கொண்டுவா. x-ஐ வெளிய எடு. x(3x − 12) = 0. ஒண்ணு, x பூஜ்யம். இல்லைன்னா, அடைப்புக்குள்ள இருக்கறது பூஜ்யம்.”

திங்கட்கிழமை போட்ட எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டாள். இந்த முறை சிரிக்கவில்லை, ஒவ்வொன்றையும் சரிபார்த்தாள்.

ஜூன் 13, வெள்ளி

“அந்த மாதிரிக் கணக்கு வந்துச்சா?” என்றேன். தேர்விலிருந்து திரும்பிய அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டே, “வந்துச்சு. முதல்ல பூஜ்யத்தைத்தான் எழுதினேன்,” என்றாள்.

ஜூலை 4, வெள்ளி

அப்பா சித்தப்பா கடையிலிருந்து வெள்ளைத் துணி வாங்கி வந்தார். அக்காவின் சீருடைக்கு.