பதினேழாம் இலக்க நாம்பனும் வாப்பாவின் ஏச்சும்

வாப்பா,

உங்களுடைய நீலக் கட்டம் போட்ட சாரத்தின் ஒரு மூலையை இன்று காலை எங்கள் நாம்பன் மாடு பதினேழு தின்றுவிட்டான். உம்மா அதை இன்னும் மாதம் ஒரு தடவை துவைத்துக் கொடியில் போடுகிறார். குடாப் பக்கமிருந்து வந்த காற்று அதை வேலிக்கு மேலால் தூக்கிக் கொடுத்திருக்கிறது. அவன் வாயைத் திறந்து வாங்கியிருக்கிறான். உம்மா தும்புத்தடியோடு ஓடிப்போய், "மனிசன் உன்ன ஆசையா வாங்கிட்டு வந்ததுக்கு நீ செய்யிற நன்றியாடா இது?" என்று கேட்டார். பதினேழு அசைபோட்டுக்கொண்டே நின்றான். மிச்சச் சாரத்தை இழுத்து எடுத்தேன். சவர்க்கார வாசமும் மாட்டு எச்சில் வாசமும் ஒன்றாக அடித்தன. அந்த இரண்டும் கலந்தால் அது நீங்கள்தான்.

உம்மா "ஆசையா" என்று சொன்னதுதான் எனக்குச் சிரிப்பு. அவனை நீங்கள் ஆசையாக வாங்கவில்லை என்பது எனக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த கதை.

நான் கால்நடைப் படிப்பில் பட்டம் முடித்து வீட்டுக்கு வந்த வருடம் எங்கள் பட்டியில் இரண்டு கன்றுகள் எழும்பவே இல்லை. பிறந்தன, தலையை ஒரு முறை தூக்கின, அவ்வளவுதான். நீங்கள் கண்ணூறு என்றீர்கள். நான் குசினி வாசலில் நின்று, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, கிழட்டு நாம்பன் பத்து வருடமாகத் தன் மகள்களோடும் பேத்திகளோடுமே சேர்கிறான், இரத்தம் ஒன்றாகிவிட்டது, வெளியிலிருந்து ஒரு நாம்பன் வேண்டும் என்றேன். வீட்டில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"சொந்தத்துக்குள்ள முடிச்சாப் பிழையா?" என்று கேட்டீர்கள். "உம்மா எனக்கு மாமிட மகள். நீ நல்லாத்தானே இரிக்கிற?"

பாடப் புத்தகத்தில் இதற்குப் பதில் இருந்தது. வாப்பாவிடம் சொல்லக்கூடிய மாதிரி ஒருவரும் எழுதியிருக்கவில்லை.

ஆனால் அடுத்த நாள் தேத்தண்ணி குடிக்கும்போது நீங்களே சொன்னீர்கள்: "இன்னொரு கண்டு இப்பிடிப் போனா பட்டியக் கலைச்சிருவன். எனக்குப் பாக்க ஏலாது." அந்தக் குரல் எனக்குப் பயமாக இருந்தது. அதனால்தான் கந்தளாய்ப் பக்கத்துப் பண்ணையொன்றில் பரிசோதித்த பொலி நாம்பன்கள் ஏலத்துக்கு வருகின்றன என்று கேள்விப்பட்டபோது, வெட்கத்தை விட்டு உங்களிடம் சொன்னேன். நாம்பன் கன்றுகளை ஒன்றாகக் கட்டி, ஒரே தீனி போட்டு, மாதா மாதம் நிறுத்து, நோய் பார்த்து, விந்து பார்த்து, தேறியவற்றை மட்டும் விற்பார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றுத் தாள் இருக்கும் என்றேன்.

"கடதாசியா பால் கறக்கப் போகுது?" என்றீர்கள். ஆனாலும் லொறிக்குச் சொல்லிவிட்டீர்கள்.

ஒரு பொருளை வாங்க விருப்பம் என்றால் அதை ஏசுவது உங்கள் வழக்கம். மாட்டு வியாபாரத்தில் விலை குறைக்க எல்லோரும் கொஞ்சம் ஏசுவார்கள்; நீங்கள் அதை வாழ்க்கை முழுக்கச் செய்தீர்கள். இந்த வளவைப் பார்க்க வந்த அன்று கிணற்றை ஏசினீர்கள். உம்மாவைப் பேசி வந்த அன்று பல்லுக் கொஞ்சம் பெரிது என்றீர்களாம். உம்மா அதை இன்றைக்கும் மன்னிக்கவில்லை. நான் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது, வாழ்த்த வந்தவர்களிடம், "நாலு வருசம் வெயிலுக்குள்ள மாட்டுக்குப் பின்னால போறதுக்குக் கம்பஸ் எதுக்கு? அத நான் சும்மாவே படிச்சுக் குடுப்பனே" என்றீர்கள். அந்த ஏச்சு எந்த வகை என்று எனக்குப் பிடிபடவே இல்லை. வேண்டும் என்ற ஏச்சா, வெறும் ஏச்சா?

ஏலத்தன்று உங்கள் அடையாள அட்டை வீட்டிலேயே கிடந்துவிட்டது. ஏலம் கேட்பவரின் பெயரை அட்டையோடு பதிய வேண்டும் என்றார்கள். என்னிடம் அட்டை இருந்தது. பதிவுப் புத்தகத்தில் என் பெயர் ஏறியது; இலக்கம் எழுதிய மட்டை என் கைக்கு வந்தது. மட்டை வைத்திருப்பவர்தான் சத்தமாகக் கேட்க வேண்டும் என்று பெயர் பதிந்த உத்தியோகத்தர் சொன்னார். விரிவுரை மண்டபத்தில் நான்கு வருடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் பட்டம் வாங்கியவள் நான்.

நாம்பன்கள் வரிசையாகக் கட்டியிருந்தன. நாலாம் இலக்கத்தைக் கண்டதும் உங்கள் நடை நின்றது. உயரம், மினுக்கம், தேர்தலில் வென்றவரைப்போல் தொங்கும் கழுத்து. நான் தாளைப் பார்த்தேன், சுமார்தான். கடைசிப் பக்கத்தில் பதினேழு நின்றான். நிறம் போன செங்கல் மாதிரித் தோல், ஒரு காதில் கிழிசல், முகத்தில் யாரோ கடன் கேட்டது போன்ற சலிப்பு. அவன் தாளை இரண்டு தரம் படித்தேன். எல்லோரையும் போல அதே தீனியைத் தின்று எல்லோரையும் விடக் கூட வளர்ந்தவன். கோடைக்கும் பால் வற்றாத தாய்.

உங்களைக் கூட்டிவந்து தாளைக் காட்டினேன். நீங்கள் விரல் வைத்து எழுத்துக் கூட்டி, கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தீர்கள்: "விதைப்பைச் சுற்றளவு..." அதோடு நின்றீர்கள். இருமினீர்கள். கூரையைப் பார்த்தீர்கள்.

"மகள், இதெல்லாமா கம்பஸில படிப்பிக்கிற?"

"ஓம் வாப்பா."

"சோதின வெச்சயா?"

"வெச்ச. ஏ எடுத்துப் பாஸ் வாப்பா."

நீங்கள் அப்படியே திரும்பி நாலாம் இலக்கத்தை ஏசப் போய்விட்டீர்கள்.

"இதென்னகா நாம்பன்? வயிறு லொறி, காலு சைக்கிள்!" என்று தொடங்கினீர்கள். "இதப் பட்டியில விட்டாப் பசுவெல்லாம் சிரிக்கும்!"

பிழை அங்கேதான் நடந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் கிண்ணியாக்காரர். தயிர் வியாபாரம் செய்கிற அசனார் மாமா கையிலிருந்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வந்தார். "காக்கா இப்பிடி ஏசுறார் எண்டா அதில விசயம் இரிக்கி," என்று உங்களைக் காட்டிப் பக்கத்தில் நின்றவருக்குச் சொன்னது எனக்கே கேட்டது. கொஞ்ச நேரத்தில் நாலாம் இலக்கத்தைச் சுற்றி ஒரு கூட்டம். நீங்கள் கூடக் கூட ஏச, கூட்டமும் கூடியது.

"மோப்பம் புடிச்சிட்டானுகள்," என்று வியர்வையைத் துடைத்தபடி என்னிடம் வந்தீர்கள். "ஒண்டு செய்வம். அந்தா அந்தச் செங்கட்டிய ஏசுறன். எல்லாரும் அங்கால ஓடுவானுகள்."

செங்கட்டி பதினேழுதான். ஏற்கெனவே மூதூர்க்காரர் இரண்டு பேர் அவன் தாளை வாசித்துக்கொண்டு நின்றார்கள்.

"வேணாம் வாப்பா, அவன ஏச வேணாம்."

"ஏன்?"

"எனக்கு அவன்தான் வேணும்."

வேணும் என்று உங்களிடம் நான் அதற்கு முன் எதையும் கேட்டதில்லை. நீங்கள் என்னை ஒரு தரம் பார்த்தீர்கள், பதினேழை ஒரு தரம் பார்த்தீர்கள், நாலாம் இலக்கத்தை நீண்ட நேரம் பார்த்தீர்கள். பிறகு சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பதினேழின் முன்னால் போய் நின்று, கசப்பு மருந்து விழுங்குகிறவர் முகத்தோடு, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மாட்டைப் புகழ்ந்தீர்கள்.

"மாஷா அல்லாஹ்! இதெல்லோ நாம்பன்! என்ன வடிவு! என்ன நிப்பு!"

பதினேழு அந்த நேரம் பார்த்து மூத்திரம் பெய்தான். நீங்கள் விடவில்லை. "பாருங்க, அதிலயும் ஒரு கம்பீரம்!" என்றீர்கள். மூதூர்க்காரர் இருவரும், இதில் ஏதோ பிழை என்பதுபோல் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு மெதுவாக நாலாம் இலக்கத்தின் பக்கம் நடந்தார்கள். நீங்கள் பின்னாலேயே போய், கூட்டம் கலையாமல் இருக்க நாலாம் இலக்கத்தை இன்னும் கொஞ்சம் ஏசினீர்கள். அந்தக் கடைசி ஏச்சுகளில் குரல் தழுதழுத்தது எனக்கு மட்டும் விளங்கியது.

நாலாம் இலக்கத்தை அசனார் மாமா பெரிய சண்டை பிடித்து எடுத்தார். உங்களைப் பார்த்து வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். பதினேழு வந்தபோது கொட்டகையில் பாதிக் கதிரை காலி. மைக் பிடித்து ஏலம் விட்டவர் தொடக்க விலையைச் சொல்லிக் கேட்டார். நான் மட்டையைத் தூக்கி "ஓம்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. முன்னால் இருந்தவரின் தொப்பி மட்டையை மறைத்தது.

"ஒருத்தரும் இல்லையா? அப்ப அடுத்தது..."

"புள்ள, சத்தம் போடு!" என்று நீங்கள் என் முழங்கையைப் பிடித்து உலுக்கினீர்கள். "நான் கேக்க ஏலாது. உன்ட பேர்தான் இரிக்கி!"

கதிரையில் ஏறி நின்றேன். எப்படி ஏறினேன் என்று தெரியாது. "பதினேழு எங்கட!" என்று கத்தினேன். ஏலம் கேட்கிற முறை அதுவல்ல. கொட்டகையே சிரித்தது, மைக் பிடித்தவரும் சிரித்தார். ஆனால் எதிர்த்துக் கேட்க யாருமில்லாததால் பதினேழு எங்களுடையவன் ஆனான்.

திரும்பும்போது லொறியில் ட்ரைவருக்கும் உங்களுக்கும் நடுவில் இருந்தேன். தம்பலகாமம் வரும்வரை நீங்கள் பின்னால் நின்ற பதினேழையே திரும்பித் திரும்பிப் பார்த்தீர்கள். கோபம் என்று நினைத்தேன். பிறகு, "அந்தக் கடதாசிய வாசி," என்றீர்கள்.

எஞ்சின் இரைச்சலுக்கு மேலால் கத்தி வாசிக்க வேண்டியிருந்தது. பிறந்த நிறை, மாதாந்த நிறை, தாயின் பால், தாயின் தாயின் பால். கொட்டகையில் நீங்கள் பாதியில் நிறுத்திய அந்த வரியையும் கத்தியே வாசித்தேன். ட்ரைவர் திரும்பிப் பார்த்தார். நீங்கள், "ம், அடுத்தது," என்றீர்கள்.

முடித்தபோது சொன்னீர்கள்: "என்ட வாப்பாட வாப்பாக்கு அங்கால எங்கட ஆக்கள் ஆரெண்டு எனக்குத் தெரியா. இவன்ட மூத்தம்மா எத்தின போத்தல் கறந்த எண்டு எழுதி வெச்சிரிக்கானுகள்." கடதாசியின் முதல் வரியில் விரலை வைத்தீர்கள். "திருப்பி வாசி. முதல்ல இரிந்து."

ஆறு மாதத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். அவனுடைய முதல் கன்று பிறக்க அதன்பின் நான்கு மாதம் எடுத்தது. உம்மா வாளியில் தண்ணீர் கொண்டுவருவதற்குள் அது எழும்பி நின்று, நடந்து, சுவரில் முட்டிக்கொண்டது. அதன்பிறகு பிறந்தவற்றில் எழும்பாதது என்று ஒன்றில்லை. பட்டி கலையவில்லை, வாப்பா.

போன கிழமை அசனார் மாமா வந்தார். நாலாம் இலக்கம் நிழலை விட்டு அசைவதில்லையாம். அடுத்த ஏலத்துக்கு என்னையும் வரச் சொல்கிறார். "தாள நீ வாசி புள்ள, நாங்க கேக்கிறம்," என்றார். கூட இன்னும் ஏழெட்டுப் பேர் வருவார்களாம், எல்லோரும் ஆண்கள். ஓம் என்று சொல்லிவிட்டேன். ஆட்களின் முகத்தைப் பார்த்தால் எனக்கு இன்னும் வாய் கட்டிவிடும். அதனால் பார்க்க மாட்டேன். லொறி இரைச்சலில் என் பக்கம் சாய்ந்திருந்த உங்கள் காதை நினைத்துக்கொள்வேன், வெள்ளை மயிர் இரண்டு நீட்டிக்கொண்டிருந்த அந்தக் காதை. அதற்குக் கேட்கிற அளவுக்கு வாசித்தால் போதும். கொட்டகை முழுக்கக் கேட்கும்.