திதிமணியைச் சுதனுக்குக் கொடுப்பதா

ஒக்டோபர் 13, திங்கள்

பின்னேரம் மழை. மொட்டைமாடியில் காயப்போட்ட உடுப்பு முழுக்க நனைந்தது. வாணி ஏசவில்லை. அவளுக்கு வேறு யோசனை.

நேற்று மத்தியானம் சுதன் சாப்பிட வந்தான். வாணியின் தங்கை ரமாவின் புருஷன், எனக்குச் சகலன். இறால் பொரியலைப் போட்டுக்கொண்டே கேட்டான், திதிமணியைத் தன் கொம்பனிக்குத் தருவேனா என்று. விலையும் சொன்னான். நியாயமான விலை. கோபம் வந்தது.

திதிமணி என் செயலி. ஒரு வருஷம் அப்பாவின் திவசத்தையே தவறவிட்டு, அந்த வெட்கத்தில் செய்தது. இறந்தவரின் மாதம், பட்சம், திதி போட்டால், திவசம் இந்த வருஷம் எந்தத் தேதியில் வருகிறது என்று ஒரு கிழமைக்கு முன் போனுக்குச் சொல்லும். பாவிப்பவர்கள் நானூறு பேர் மட்டில். வருமானம் இல்லை. சேர்வர் செலவு என் சம்பளத்தில்.

சு.விடம் உள்ளவை: கொம்பனித்தெருவில் பதினாலாம் மாடி ஒஃபிஸ். மண்டபம், சமையல்காரர், ஐயர் எல்லாரையும் ஒழுங்கு செய்கிற செயலி. முப்பது பேர் வேலைக்கு. தலை நிறைய மயிர். அவன் பேச்சு வந்தால் மாமியின் குரலே மாறும்.
என்னிடம்: இன்சூரன்ஸ் கொம்பனியில் கொம்பியூட்டர் வேலை, கோட்டைக்கு ரயில் சீசன் டிக்கெட்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டு சு.வின் ஒஃபிஸுக்கு. பஸ்ஸில் கண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று எல்லாரையும் முன்னுக்குத் தள்ளினான், என்னை மட்டும் இரண்டு தரம்.

கண்ணாடிக்கு அப்பால் முழுக் கடல். வெள்ளவத்தையில் எங்களுக்கும் கடல் தெரியும், பக்கத்து ஃப்ளாட்டின் உடுப்புக் கொடிக்கு இடையால். திதிமணிக்குப் புது முகம், திரையில் எப்படித் தெரியும் என்று, வரைந்தே வைத்திருந்தான். அவ்வளவு வடிவு. இவ்வளவு காலம் எனக்கு ஏன் தோன்றவில்லை? வயிறு எரிந்தது. இஞ்சி பிளேன்டீ தந்தார்கள், எரிச்சல் கூடியது.

பிறகு ஒரு நல்ல காரியம் நடந்தது. வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம் எதற்கு, ஒன்று போதும் அண்ணை என்றான். இரண்டும் வேண்டும் என்றேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இரண்டிலும் திதி ஒரே நேரத்தில் முடியாது, சில வருஷம் திவசமே ஒரு நாள் தள்ளிப் போகும். வாக்கியம் பார்க்கிற வீட்டுக்குத் திருக்கணித நாளைச் சொன்னால் அது திவசமே இல்லை. இது தெரியாதவனுக்கு எப்படிக் கொடுப்பது? விற்காமல் விட மானமான காரணம் கிடைத்துவிட்டது. திரும்பி வரும்போது நிற்க இடமில்லாத பஸ்ஸும் நன்றாக இருந்தது.

ஒக்டோபர் 15, புதன்

வாணியிடம் சொன்னேன், கொள்கை என்று ஒன்று இருக்கிறது, விற்கமாட்டேன் என்று. அவள் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு அது வேணுமெண்டில்லை. சுதனுக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான்."

வாங்க வேண்டியவை: தேசிக்காய், தீபாவளிக்குப் பிள்ளைக்குச் சட்டை (காலி வீதிக் கடைகள் வேண்டாம், சனம்).

ஒக்டோபர் 16, வியாழன்

காலையில் போன். கொட்டாஞ்சேனையிலிருந்து யோகராணி அம்மா, திதிமணி பாவிப்பவர். புருஷனின் திவசத்துக்குச் செயலி சொன்ன நாளில் ஏழு கறி சமைத்து, படைத்து, காகத்துக்கும் வைத்தாராம். பிறகு மச்சான்காரர் பஞ்சாங்கத்தோடு வந்து நாள் பிழை என்றாராம். அவர்கள் வாக்கியம்.

லப்டொப்பைத் திறந்து பார்த்தேன். போன மாதம் நான் செய்த மாற்றத்தில் வாக்கியக்காரர் எல்லாரும் திருக்கணிதத்துக்கு மாறியிருக்கிறார்கள். சு.வின் செயலி புது முகத்தோடு வந்த கிழமை அது. திதிமணிக்கும் ஒரு புது முகம் வேண்டும் என்று, கிரிக்கெட் பார்த்துக்கொண்டு அவசரத்தில் செய்தது.

லீவு சொல்லிவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஏச்சு வாங்கத் தயாராகத்தான் போனேன். அம்மா கதிரை தந்து, வாற அமாவாசையில் திதி கொடுக்கலாம் என்று ஐயர் சொன்னதாக என்னை ஆறுதல்படுத்தினார். பிறகு கேட்டார்:

"இதைப் பாக்கிறதுக்கு வேற ஆக்கள் இருக்கினமா தம்பி, நீங்க ஒராள்தானா?"

ஒராள்தான் என்றேன். பாவம் என்றார். என்னைப் பார்த்துத்தான்.

ஒக்டோபர் 17, வெள்ளி

மாறியவர்கள் நூற்றுப் பதினொரு பேர். பட்டியலை மூன்று தரம் எண்ணினேன். பத்து மணிக்குச் சு.வுக்குப் போன் எடுத்தேன். நம்பரை அழுத்த முன் இரண்டு கோப்பை தண்ணீர் குடித்தேன்.

ஒரு கேள்வியும் கேட்கவில்லை, ஒஃபிஸுக்கு வரச் சொன்னான். பட்டியலில் உள்ளவர்களுக்குப் போன் எடுக்க, அங்கே வேலை செய்கிற நாலு பிள்ளைகளை ஒதுக்கினான். "உங்கட வீட்டில வாக்கியமா திருக்கணிதமா அம்மா?" என்று மேசைக்கு மேசை குரல். நாலு மணிக்குள் பட்டியல் முடிந்தது. இன்னும் இரண்டு வீட்டில் நாள் தவறியிருந்தது, மற்றவர்கள் தப்பினார்கள். பிழை எப்படி வந்தது என்று கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அதற்கும் இடம் தரவில்லை.

லிஃப்ட் வரை வந்து சொன்னான்: "ரெண்டு பஞ்சாங்கமும் இருக்கட்டும் அண்ணை. நீங்க சொன்னதுதான் சரி."

இப்போது மறுக்க என்னிடம் பொறாமை மட்டும்தான் மிச்சம். அதைக் காரணமாக யாருக்குச் சொல்வது?

ஒக்டோபர் 19, ஞாயிறு

கையெழுத்துப் போட்டாச்சு. ரமா பாயாசம் தந்தாள். சீனி கூடிப்போச்சு என்றேன். உண்மையில் கூடவில்லை.

ஒக்டோபர் 22, புதன்

மழை. ரயில் பிந்தியது. வெள்ளவத்தை ஸ்டேஷனில் நிற்கும்போது யோகராணி அம்மாவின் போன். நேற்று அமாவாசைக்கு எல்லாம் ஒழுங்காகக் கொடுத்தாச்சாம். முதல்நாள் ஒரு பிள்ளை போன் எடுத்து, நாள் சரிதானா என்று திரும்பவும் விசாரித்ததாம்.

"ஒவ்வொரு வீடாக் கேட்டு இப்பிடி ஆர் தம்பி செய்வினம்? நல்லாச் செய்யிறீங்கள்."

சு. என்று ஒரு ஆள் இருக்கிறான், அவன் செய்வது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஓம் அம்மா" என்றேன்.