பழைய 1914

மகளே,

என்னைக் கேட்காமல் என் ஒரு சென்ட் நாணய ஆல்பத்திலிருந்து தேய்ந்த 1914-ஆம் வருடக் காசை எடுத்து நாணயக் கடையில் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் பளபளக்கும் ஒன்றை வைத்தது தவறு. பிறந்தநாள் பரிசு என்றாலும் தவறுதான். மட்டமானதை எடுத்துவிட்டு நல்லதை வைப்பது சேகரிப்பவர்கள் வழக்கம். அறுபது வருடமாக நானும் அதைத்தான் செய்கிறேன். அந்த ஒன்றை மட்டும் ஏன் மாற்றவில்லை என்று நீ யோசித்திருக்க வேண்டும்.

மணப்பெண் அதிர்ஷ்டத்துக்காக ஷூவுக்குள் ஒரு சென்ட் போட்டுக்கொள்ளும் வழக்கப்படி, எங்கள் கல்யாணத்தன்று உன் அம்மா போட்டுக்கொண்ட காசு அது. டோலிடோ ஊர்த் தொழிலாளர் சங்கக் கூடத்தில் சாயங்காலம் முழுக்கப் போல்கா நடனம் ஆடினாள். ஷூ ஆணி காசிலிருந்த லிங்கனின் கன்னத்தைக் கீறிவிட்டது.

போன ஞாயிறு முதியோர் இல்லத்தில், நினைவு தப்பிய உன் அம்மா முன்னால் எப்போதும்போல் ஆல்பத்தைப் பிரித்தேன். 1914 இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது என்னுது இல்லையே. என் காசு வச்சிருக்கறவரு இப்ப வந்துடுவாரு. நீங்க கெளம்புங்க" என்றாள்.

கிளம்பி வந்துவிட்டேன்.

புதியதை நான் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை நீ அந்தக் கடைக்குப் போய், மலிவுப் பெட்டியில் கன்னத்துக் கீறலைத் தேடு. விற்றிருந்தால் வாங்கியவர் பெயரைக் கேள், அவரிடம் நான் பேசுகிறேன். உன் தம்பி காரை ஓட்டட்டும். ஞாயிறு பத்து மணிக்குள் காசு என் கையில் இருக்க வேண்டும்.

அப்பா