இரைச்சல் மட்டும் இருந்த ஒலிக்கோப்பு

அலமாரியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. மழைதான் ஓய்ந்துவிட்டதே, கம்பளியை வெயிலில் போடலாம் என்று எடுத்தேன். தொட்ட பிறகு கை நகரவில்லை. ஓய், நீர் என்னைத் தலையோடு மூடி உட்கார வைத்த கம்பளி அல்லவா இது.

குரல் பதிவு செய்யத் தாராவியில் அமைதியான இடம் ஏது? கீழே தகரம் வெட்டும் பட்டறை, சுவருக்கு அந்தப் பக்கம் குக்கர் விசில். மின்விசிறியை நிறுத்தி, டார்ச்சும் மைக்கும் தாளுமாக என்னைக் கம்பளிக்குள் அடைத்துவிட்டு, நீர் வெளியே இருந்து அதட்டுவீர்.

"வே, மூச்சு விடுத சத்தம் கேக்கு."

"மூச்சு விடாம எப்படி ஓய் வாசிக்க?"

"இத்தன வருசம் பிள்ளைகள மூச்சு விடாம உக்கார வச்சீருல்லா? இப்ப நீரு இரும்."

வேர்த்து ஒழுகி நான் வாசித்த வாக்கியங்களிலிருந்துதான் அந்த மென்பொருளுக்குக் குரல் வந்தது. பார்வையில்லாதவர்களின் போனில், திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துச் சொல்லும் மென்பொருள். நிரல் நீர் எழுதியது, குரல் என்னுடையது. யாருக்கும் இலவசம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று உலகத்தில் எவரும் திறந்து பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம். "மூடி வச்சா நம்பச் சொல்லிக் கேக்கணும். தெறந்து வச்சா அவங்களே பாத்துக்கிடுவாங்க" என்பீர்.

ஆனால் எல்லோராலும் பார்க்க முடியும் என்பதால் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நீர் நம்பியதில்லை. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம். யார் அனுப்பிய திருத்தமானாலும் நீர் என் வீட்டில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்து, ஒவ்வொன்றும் எதற்கு என்று எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும். எனக்குப் புரியாவிட்டால் அது உள்ளே போகாது. கணக்கு வாத்தியாருக்கு நிரல் தெரியாதே என்றால், "அதுக்குத்தான் வே நீரு" என்று சிரிப்பீர்.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் நீர் செய்த ஏற்பாடும் நினைவிருக்கிறது. புதிய பதிப்பு எதுவும் வெளியே போக இரண்டு டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். ஒன்று நம்மோடு நிரல் எழுதும் நெருள் கார்த்தியுடையது, மற்றது என்னுடையது. பொதுத் தேர்வு வினாத்தாள் கட்டைப் பிரிக்கும்போது இரண்டு ஆசிரியர்கள் முத்திரையைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவோமே, அதுபோல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கையெழுத்து இவ்வளவு கனக்கும் என்று அப்போது தெரியவில்லை.

இந்த மழைக்காலத்தில் போன்களுக்கு ஒரு புதுப்பிப்பு வந்தது. அதோடு நம் குரல் நின்றுவிட்டது. முதலில் கூப்பிட்டது பேச்சியம்மாள். கல்யாணில் இருந்து தினமும் லோக்கல் ரயிலில் வந்து ஆபீஸில் டெலிபோன் பார்க்கிறாளே, அவள்தான்.

"அண்ணாச்சி, போன் ஊமையாப் போச்சு. இன்னிக்கு பேங்க் ஓடிபி வந்துச்சு, டிரெயின்ல பக்கத்துல இருந்தவங்கிட்ட நீட்டி வாசிக்கச் சொன்னேன். அவன் யாரோ என்னமோ."

அதே வாரம், சில மாதங்களாகச் சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்பி உதவிக்கொண்டிருந்த ஒருவர் முழுத் தீர்வையும் அனுப்பினார். முகம் தெரியாது, ஊர் தெரியாது, பணிவான ஆள். உங்களுக்கு வயதாகிவிட்டது, பொறுப்பை என்னிடம் தந்தால் சிரமம் குறையும் என்றும் எழுதியிருந்தார். கார்த்திக்குப் போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

"சார், டெஸ்ட் பண்ணிட்டேன், மஸ்த், சூப்பரா ஓடுது. நீங்களும் சைன் பண்ணிட்டா இன்னிக்கே எல்லாருக்கும் போயிடும்."

"ஞாயித்துக்கிழமை படிச்சிருவோமே."

"அரே சார், பேச்சி அக்கா அங்க அழறாங்க. நீங்க ஞாயித்துக்கிழமைங்கறீங்க!"

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் அன்றைக்கே உட்கார்ந்து படிப்போம் என்றேன். வீடியோவில் அவன் வாசிக்க, நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாம் நேராக இருந்தது. கடைசியில் ஓர் ஒலிக்கோப்பு, சோதனைக்காக என்று குறிப்போடு. போடச் சொன்னேன். வெறும் இரைச்சல்.

நம் மென்பொருளில் இருக்கும் ஒலியெல்லாம் நான் கம்பளிக்குள் வேர்த்தது. இது என் குரல் இல்லை, எவர் குரலும் இல்லை. "சோதனைக்குத்தானே கார்த்தி, அப்புறம் ஏன் நீ வாசிச்ச வரியில பதிப்பைத் தயார் பண்ணும்போதும் இதைத் திறக்குது?" என்று கேட்டேன். அவன் அந்த வரியைத் திரும்ப வாசித்தான். இலவச மென்பொருள்களில் உதவ வந்தவர் போல நுழைந்து இப்படி ஏதாவது கோப்புக்குள் கள்ளச்சாவியை ஒளித்துவிட்டுப் போகிற செய்திகள் இப்போது வருகின்றனவே, அவனும் அதைத்தான் நினைத்திருப்பான்.

அந்த ஆளிடம் கேட்டோம். வழக்கமான நடைமுறைதான் என்றார். கோப்பு இல்லாமல் தரமுடியுமா என்றோம். பணிவு போய்விட்டது. மறுநாள் முன்பின் கேள்விப்படாத பெயர்கள் நம் மென்பொருளின் இணையப் பக்கத்தில் வரிசையாக வந்தன. ஒரு கிழவர் கையெழுத்துப் போடாமல் கண் தெரியாதவர்களை வதைக்கிறார் என்று எழுதினார்கள். அவர்கள் சொல்வது உண்மையாக இருந்தால்? அந்த மனிதர் வெறும் கோபக்காரராக இருந்தால்? அங்கே பேச்சி தினமும் யாரிடமோ போனை நீட்டிக்கொண்டிருக்கிறாள். நீர் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். உம் பழைய எண்ணை ஒருமுறை போட்டும் பார்த்தேன். வேறு யாரோ மராத்தியில் 'ஹலோ' என்றார்கள்.

கையெழுத்துப் போடவில்லை. கார்த்தி என்னிடம் பேசாமலே லீவு எடுத்து, தீர்வை முதலிலிருந்து தானே எழுதினான். பிறகு கூப்பிட்டு, திக்கித் திக்கித் தமிழில், ஹிந்தியை நடுநடுவே போட்டு, ஒவ்வொரு வரியும் எதற்கு என்று சொன்னான். நாங்கள் இருவரும் கையெழுத்திட்ட அன்று அந்த ஆளின் இணையக் கணக்கே இல்லை. கூடவே வசைபாடிய பெயர்களும் இல்லை. அந்தக் கோப்பை கார்த்தி இதையெல்லாம் ஆராயத் தெரிந்தவர்களுக்கு அனுப்பியிருக்கிறான். உள்ளே என்ன என்று அவர்கள் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை. சொல்லாமலே போனாலும் போகலாம்.

தாமதத்துக்கு நான்தான் காரணம் என்பதைப் பேச்சியிடம் போனில் சொல்ல மனம் வரவில்லை. கல்யாணுக்கே போனேன். பேச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"மொதல்லயே சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி? ஏன் லேட்டுன்னு தெரிஞ்சிருந்தா கண்டவங்ககிட்ட போன நீட்டாம, என் தங்கச்சி வார வரைக்கும் பொறுத்திருப்பேன்லா. எங்களுக்காகன்னு சொல்லிட்டு எங்ககிட்டயே சொல்லல நீங்க."

நீர் கூட என்னை இவ்வளவு சரியாகத் திட்டியதில்லை. இப்போது எங்கள் ஞாயிற்றுக்கிழமையில் மூன்றாவதாக அவளும் இருக்கிறாள். என்னை விட அதிகம் கேள்வி கேட்கிறாள், கார்த்தி திணறுகிறான்.

கல்யாணில் அன்றைக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் போனில் வங்கிச் செய்தி வந்தது. காதில் மாட்டுவது சார்ஜில் கிடந்தது. அறை நடுவே என் குரல் நிதானமாக, "உங்கள் ரகசிய எண்" என்று தொடங்கியது. நான் எழுந்து வேகமாக வெளித் தாழ்வாரத்துக் கேலரிக்குப் போனேன்.

"எங்க ஓடுதீக? உங்க குரலுதான அண்ணாச்சி!"

"அதனாலதாம்மா. குரலுதான் என்னுது, எண்ணு உன்னுதுல்லா" என்றேன். கீழே லோக்கல் ஒன்று தடதடவென்று கடந்துகொண்டிருந்தது. உள்ளே என் குரல் சொல்லி முடிக்கும்வரை காதைப் பொத்திக்கொண்டு நின்றேன்.