உறுத்தாத பாவாடை

அம்மாவுக்கு,

தம்பி சட்டை போட மறுத்து அழுதபோதெல்லாம், ஆட்டிசத்தால் தையல் உறுத்துகிறது என்றுதானே நினைத்தோம்? நீ வெளியூர் வேலைக்குப் போனபிறகும், நான் வேலை பார்க்கும் தையல் கடையில் சட்டை சட்டையாகப் பிரித்துத் தைத்தேன்.

போன வாரம், "தையல் மட்டும் உறுத்தலக்கா. பையன் சட்டைங்கிறதுதான் ரொம்ப உறுத்துது. நான் பொண்ணு," என்றாள்.

எனக்குப் பேசத்தான் வராதே. டேப்பை எடுத்து அளவெடுத்தேன். தையலெல்லாம் வெளியே இருக்கும்படி ஒரு பாவாடை தைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள்.

"பாவாடையத் திருப்பிப் போட்டிருக்கியேடி!" என்றார் முதலாளியம்மா.

"எங்கக்கா எனக்காகத் தச்சது. இதான் நல்ல பக்கம்."

கடையே சிரித்தது, அவளும்தான்.

 பாவாடையை அப்பாவே துவைத்துக் கொடியில் காயப்போட்டார்.

உன்னை நினைத்துத்தான் அவளுக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமை போனில், "சின்னவ எங்கடி?" என்று கேளம்மா.

இனி உன் மூத்த மகள்